மூன்று ‘ரைசன் 5’: எது விளையாட்டுக்கு ஏற்றது?

பள்ளி விடுமுறை நெருங்கும்போது மாணவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது: “டீச்சர், வீட்டில் மடிக்கணினி வாங்கித் தரப் போகிறார்கள். பாடத்துக்கும் வேண்டும், கேமும் ஓட வேண்டும், பைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியதாகவும் இருக்க வேண்டும். எந்த புரோசசர் நல்லது?” ஒரே வரியில் பதில் சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். அது முடியாமல் போவதற்கு, விசைப்பலகையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன ஒட்டுத்தாளே பாதிக் காரணம்.

ஏஎம்டி நிறுவனத்தின் 7000 வரிசைச் செயலிகளை எடுத்துக்கொள்வோம். 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்தவை. ஒட்டுத்தாளில் ‘ரைசன் 5’ என்று பெரிதாக இருக்கும். ஆனால் அந்தப் பெயருக்குள் 7520யு, 7530யு, 7540யு என்று மூன்று செயலிகள் ஒளிந்திருக்கின்றன. எண்களைப் பார்த்தால் ஒன்றுக்கு அடுத்து ஒன்று, அடுத்தடுத்த வீட்டு எண்கள் போல. கடைக்காரர், “எல்லாம் ரைசன் 5தான் தம்பி, பத்துப் பத்தாக ஏறுகிறது, பெரிய வித்தியாசம் இல்லை” என்று சொன்னால் நம்பத் தோன்றும்.

உள்ளே பார்ப்போம். 7520யு செயலியில் 4 கருக்கள். அதன் கட்டமைப்பு 2019இல் அறிமுகமான ‘ஸென் 2’. 7530யு செயலியில் 6 கருக்கள்; கட்டமைப்பு 2020இல் வந்த ‘ஸென் 3’. 7540யு செயலியிலும் 6 கருக்கள்தான். ஆனால் 2022இல் வந்த ‘ஸென் 4’. விளையாட்டுக்கு முக்கியமான வரைகலைப் பகுதியில் வேறுபாடு இன்னும் அதிகம். 7520யு-வில் இருப்பவை வெறும் 2 வரைகலை அலகுகள். மற்ற இரண்டில் முறையே 7, 4. (ஏழு என்பது நான்கைவிட மேல் என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். அந்த ஏழும் பழைய ‘வேகா’ தலைமுறை. நான்கும் புதிய தலைமுறை. வெவ்வேறு தலைமுறைகளைத் தலை எண்ணி ஒப்பிட முடியாது.)

இன்னொரு வேடிக்கை. அடிப்படை வேகத்தைக் கிகாஹெர்ட்ஸில் பார்த்தால், மூன்றிலும் பலவீனமான 7520யு-க்கு 2.8, அதைவிட வலுவான 7530யு-க்கு 2.0. விளம்பரத் தாளில் கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து வாங்குகிறவர் பழைய கட்டமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நல்லதை வாங்கிவிட்டோம் என்று மகிழ்ச்சியோடு வீடு திரும்புவார்.

இந்த ஏமாற்றத்துக்கு விலை உண்டு. 7520யு வேலை செய்வது மடிக்கணினியின் பலகையிலேயே பற்றவைக்கப்படும் வகை நினைவகத்தோடு மட்டும்தான். பின்னால் பணம் சேர்த்து நினைவகத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்ற கதை அதில் நடக்காது. செயலியும் பலகையோடு பற்றவைக்கப்பட்டதே. விடியற்காலையில் எழுந்து கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அப்பாவோ, தொழிற்சாலையில் கூடுதல் நேரம் பார்க்கும் அம்மாவோ சேர்த்துவைத்த பணம் அது. எஸ்பிஎம் முடியும்வரையாவது அந்தக் கணினி உழைக்க வேண்டும்.

7000 வரிசையில் ஏஎம்டி ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. நான்கு இலக்கங்களில் மூன்றாவது இலக்கம் கட்டமைப்பைச் சொல்கிறது. 7520 என்றால் ஸென் 2, 7530 என்றால் ஸென் 3, 7540 என்றால் ஸென் 4. அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டுவிட்டது! இப்படிப் பெயர் வைத்ததை நல்ல வழக்கம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பொருள் வாங்குகிறவருக்கு மிகவும் வேண்டிய தகவலை மூன்றாவது இலக்கத்தில் மறைத்துவைப்பானேன்?

கடைசியில் வரும் ‘யு’ என்ற எழுத்து இன்னொன்றைச் சொல்கிறது. இது குறைந்த மின்திறனில் ஓடும் செயலி. இனி நாம் பார்க்க வேண்டியது அதைத்தான்.

வாட் எங்கே போகிறது?

மூன்றாம் படிவ அறிவியலில் ‘தெனாகா டான் குவாசா’ என்ற பாடம் படித்திருப்பீர்கள். தெனாகா என்பது சக்தி. குவாசா என்பது அந்தச் சக்தி எவ்வளவு விரைவாகச் செலவாகிறது என்பதைக் குறிக்கும் திறன். திறனின் அலகு வாட். ஒரு விநாடிக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வாட்.

15 வாட் செயலி விநாடிக்கு 15 ஜூல் மின்சக்தியை எடுத்துக்கொள்கிறது. அது என்ன ஆகிறது? மின்விசிறிக்குள் போகும் மின்சாரம் காற்றை நகர்த்துகிறது. விளக்குக்குள் போவது ஒளியாகிறது. செயலி எதையும் நகர்த்துவதில்லை, ஒளிர்வதும் இல்லை. கணக்குப் போட்டு முடித்த பிறகு, எடுத்துக்கொண்ட சக்தி ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. சக்தி அழியாது என்ற விதியின்படி அதற்கு வேறு போக்கிடம் இல்லை. அந்த வெப்பம் அஞ்சல் தலையைவிடச் சிறிய சில்லு ஒன்றிலிருந்து கிளம்புகிறது. செப்புக் குழாய்களும் ஒரு சின்ன விசிறியும் சேர்ந்து அதைக் கணினிக்கு வெளியே தள்ள வேண்டும். உடல் சிறியதாக ஆக, குழாயும் விசிறியும் சிறுக்கின்றன. தள்ளக்கூடிய வெப்பமும் குறைகிறது.

அப்படியென்றால் குறைந்த வாட் செயலி மெதுவாகத்தானே ஓடும்? ஓரளவுக்கு உண்மை. ஆனால் எவ்வளவு மெதுவாக என்பதில்தான் சுவையான இயற்பியல் இருக்கிறது.

செயலிக்குள் கோடிக்கணக்கான நுண் சுவிட்சுகள் உள்ளன. அவை மாறும்போது செலவாகும் திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். அதிர்வெண் என்பது கிகாஹெர்ட்ஸ். அதை உயர்த்த வேண்டுமானால், சுவிட்சுகள் விரைந்து மாறுவதற்கு மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது. அங்கேதான் வினை.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு செயலி 3 கிகாஹெர்ட்ஸில் 0.9 வோல்ட் மின்னழுத்தத்தில் ஓடி 15 வாட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே செயலியை 4 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்த 1.2 வோல்ட் தேவைப்படுகிறது. அதிர்வெண் விகிதம் 4-ஐ 3-ஆல் வகுத்தால் 1.33. மின்னழுத்த விகிதமும் 1.33; அதன் வர்க்கம் 1.78. இரண்டையும் பெருக்கினால் 2.37. பதினைந்து வாட் ஏறக்குறைய 36 வாட் ஆகிவிட்டது! வேகம் கூடியதோ மூன்றில் ஒரு பங்கு மட்டும்தான்.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வேகத்தில் நாலில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால், திறனில் பாதிக்கும் மேல் மிச்சம். குறைந்த வாட் செயலிகள் பிழைத்திருப்பது இந்தப் பேரத்தால்தான். எண்கள் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உண்மைச் செயலிகளில் சற்று மாறும். போக்கு மாறாது.

பினாங்கில் நடக்கும் தரம்பிரிப்பு

குறைந்த வாட் செயலி என்பது எப்போதும் தனியாக வடிவமைக்கப்பட்ட ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். ரைசன் 7 7840யு என்றும் 7840எச்எஸ் என்றும் இரண்டு செயலிகள் உண்டு. முதலாவது 15 முதல் 30 வாட் வரை ஓடுவது. மற்றது 35 முதல் 54 வரை. இரண்டிலும் உள்ளே இருப்பது ஒரே வடிவமைப்பு, 8 கருக்கள், 12 வரைகலை அலகுகள்.

ஒரே சிலிக்கான் வட்டிலிருந்து வெட்டப்படும் சில்லுகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே மரத்து மாம்பழங்கள் போலத்தான். சில சில்லுகள் குறைந்த மின்னழுத்தத்திலேயே நன்றாக ஓடும்; சிலவற்றுக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும்; சிலவற்றில் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் கசியும். ஒவ்வொன்றையும் சோதித்துத் தரம் பிரித்த பிறகே அதற்குப் பெயர் சூட்டுகிறார்கள்.

சில்லைப் பொதிந்து சோதிக்கும் இந்தத் துறையில் நம் நாடு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. இன்டெல் 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் தன் தொழிற்சாலையைத் தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே அந்நிறுவனம் தொடங்கிய முதல் பொதிவு ஆலை அதுதான். ஏஎம்டியும் அதே காலத்தில் பினாங்குக்கு வந்தது. 2016இல் அந்த ஆலையின் பெரும் பங்கைச் சீன நிறுவனம் ஒன்றுக்கு விற்று, அதைக் கூட்டு நிறுவனமாக மாற்றியது. பழைய மேசைக் கணினி வீட்டில் இருந்து, அதைப் பெரியவர் துணையோடு பிரிக்க வாய்ப்புக் கிடைத்தால், செயலியின் உலோக மூடியைத் துடைத்துப் பாருங்கள். பல இன்டெல் செயலிகளில் ‘மலாய்’ என்று சுருக்கமாகப் பொறித்திருப்பார்கள். மலேசியாவில் பொதியப்பட்டது என்று பொருள்.

பதினொன்றரை அங்குலப் பரிசோதனை

சிறிய உடலுக்குள் விளையாட்டுக் கணினியை அடக்கும் ஆசை புதிதல்ல. 2010ஆம் ஆண்டு டெல் நிறுவனத்துக்குச் சொந்தமான ஏலியன்வேர், எம்11எக்ஸ் என்ற மடிக்கணினியை வெளியிட்டது. திரை 11.6 அங்குலம்தான். ஆனால் உள்ளே என்விடியா ஜிடி 335எம் என்ற தனி வரைகலைச் செயலி. அந்தக் காலத்தில் அந்த அளவில் இப்படியொன்றை யாரும் எதிர்பார்க்கவில்லை.

அதில் முதலில் இரண்டு செயலிகளைத் தெரிவாகக் கொடுத்தார்கள்: பென்டியம் எஸ்யு4100, கோர் 2 டுவோ எஸ்யு7300. இரண்டுக்கும் 2 கருக்கள், 1.3 கிகாஹெர்ட்ஸ், 10 வாட். வேறுபாடு என்று சொன்னால் செயலிக்குள் இருக்கும் விரைவு நினைவகம் ஒன்றில் 2 மெகாபைட், மற்றதில் 3. ‘கோர் 2’ என்ற பெயருக்குக் கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் அந்த ஒரு மெகாபைட்தான்.

சில மாதங்களில் இரண்டாம் பதிப்பு வந்தது. கோர் ஐ7-640யுஎம், 18 வாட். பத்திலிருந்து பதினெட்டு! இதைப் பார்த்தவுடன் புதியது மின்சாரத்தை விழுங்குகிறது என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பழைய கணினியில் நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியும் உள்ளமைந்த வரைகலையும் தனிச் சில்லில் இருந்தன. அதன் வாட் அந்தப் பத்தில் சேரவில்லை. புதியதில் அவை செயலியின் பொதிக்குள்ளேயே வந்துவிட்டன. பதினெட்டில் அவையும் அடக்கம். இரண்டு வாட் எண்களை ஒப்பிடும் முன் எது எது உள்ளே சேர்ந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். அரிசியின் எடையை மூட்டையோடு நிறுத்தார்களா, மூட்டை இல்லாமலா என்று நம் பாட்டிமார் கேட்பார்களே, அதே கேள்விதான்.

2011இல் மூன்றாம் பதிப்பு: கோர் ஐ7-2617எம், 17 வாட். வாட் ஏறவில்லை, ஒன்று குறைந்தும் இருக்கிறது. அடிப்படை வேகம் மட்டும் 1.2-இலிருந்து 1.5 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்ந்தது. உச்ச வேகம் 2.26-இலிருந்து 2.6-க்குப் போனது. புதிய கட்டமைப்பு என்பதால் ஒவ்வொரு துடிப்பிலும் செய்யும் வேலையும் கூடியது. அதே உடல், அதே அளவு வெப்பம், கூடுதல் வேலை. 2012இல் எம்11எக்ஸ் விற்பனையிலிருந்து போய்விட்டாலும், அது காட்டிய ஒப்பீட்டு முறை இன்றைக்கும் பொருந்தும். முதலில் வாட்டைச் சமப்படுத்து. பிறகு அந்த வாட்டில் யார் அதிக வேலை செய்கிறார் என்று பார்.

உச்ச வேகமும் கடற்பாலமும்

இப்போதைய செயலிகளில் ஒரு வாட் எண் போதாது. இன்டெல் கோர் ஐ5-1235யு-க்கு அடிப்படைத் திறன் 15 வாட். உச்சத் திறன் 55 வாட். கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஒரு கோப்பைத் திறக்கும்போது, ஓர் இணையப் பக்கம் ஏறும்போது சில விநாடிகளுக்குச் செயலி உச்சத்துக்குப் பாய்கிறது. வேலை முடிந்ததும் இறங்கிவிடும். அந்தச் சில விநாடி வெப்பத்தைச் செப்பும் உலோகமும் உறிஞ்சிக்கொள்ளும்.

விளையாட்டு அப்படியல்ல. அரை மணி, ஒரு மணி நேரம் ஓயாமல் ஓடும். உறிஞ்ச வேண்டியதை எல்லாம் உலோகம் உறிஞ்சி முடித்துவிட்ட பிறகு, விசிறி வெளியே தள்ளும் அளவுக்குத்தான் செயலியால் வெப்பம் உண்டாக்க முடியும். அதற்கு மேல் போனால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்த மோட்டார் சைக்கிள், காலை ஆறு மணிக்கு ஜொகூர் கடற்பாலத்துக்கு முன் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி எவ்வளவு வேகம் போகும் என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. நிமிடத்துக்கு எத்தனை வண்டி பாலத்தைக் கடக்கிறது என்பதுதான் கணக்கு. ஒட்டுத்தாளில் போடும் 4.4 கிகாஹெர்ட்ஸ் என்பது நெடுஞ்சாலை வேகம். விசிறி பாலம்.

நம் வானிலையும் இதில் தலையிடுகிறது. ஒரு பொருள் வெப்பத்தை வெளிவிடும் விகிதம், அதற்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. செயலி 95 டிகிரி செல்சியஸில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது என்று கொள்வோம். குளிரூட்டி போட்ட 24 டிகிரி அறையில் வேறுபாடு 71. மதியம் மூன்று மணிக்கு, குளிரூட்டி இல்லாத நம் வீட்டு அறையில் 33 டிகிரி இருந்தால் வேறுபாடு 62. எட்டில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது! குளிர்ந்த அறையில் 28 வாட்டைத் தாங்கிய அதே கணினி இங்கே ஏறக்குறைய 24 வாட்தான் தாங்கும். வெளிநாட்டு விமர்சகர் குளிர்காலத்தில் சோதித்துச் சொல்லும் எண் பாசிர் கூடாங்கில் அப்படியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கட்டில் மெத்தையில் வைத்து விளையாடினால் அடிப்பக்கக் காற்றுத் துளைகள் அடைபட்டு அதுவும் போச்சு.

ஒரே பானை, இரண்டு பேர்

தனி வரைகலைச் செயலி இல்லாத மடிக்கணினியில் கருக்களும் வரைகலைப் பகுதியும் ஒரே சில்லில் உட்கார்ந்து ஒரே வாட்டைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. 15 வாட் என்றால் இரண்டுக்கும் சேர்த்துத்தான். விளையாட்டில் பெரும்பாலும் படம் வரைவதுதான் கடினமான வேலை. அந்த நேரத்தில் கருக்கள் தேவையில்லாமல் உச்ச வேகத்தில் ஓடினால், வரைகலைக்குப் போக வேண்டிய வாட்டை அவை எடுத்துக்கொள்ளும். இதனால்தான் கருக்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தினால் சில விளையாட்டுகள் முன்பைவிடச் சீராக ஓடுகின்றன. கேட்பதற்கு முரணாக இருக்கிறது, இல்லையா?

நினைவகமும் பங்குக்கு வருகிறது. உள்ளமைந்த வரைகலைக்குத் தனி நினைவகம் கிடையாது. கணினியின் நினைவகத்தையே பயன்படுத்துகிறது. டிடிஆர்4-3200 வகை நினைவகத் தகடு ஒன்று மட்டும் இருந்தால் விநாடிக்கு 25.6 கிகாபைட் தரவு போய்வரும். இரண்டு தகடுகள் இருந்தால் 51.2. 16 கிகாபைட் ஒரே தகடாக இருப்பதைவிட, 8 கிகாபைட் தகடு இரண்டு இருப்பது விளையாட்டுக்கு நல்லது. இன்டெல் இதில் கண்டிப்பாக இருந்தது. 1235யு போன்ற செயலிகளில் இரண்டு வழிகளிலும் நினைவகம் இருந்தால்தான் ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்ற பெயர் வரும். ஒரு வழி மட்டும் இருந்தால் அதே வரைகலை ‘யுஎச்டி’ என்று காட்டும்.

அப்படியானால் ‘எச்’ எழுத்து போட்ட 45 வாட் செயலியே வாங்கிவிடலாமே என்பீர்கள். தனி வரைகலைச் செயலியோடு வந்தால் நல்லதுதான். அது இல்லாமல் வந்தால் யோசியுங்கள். 45 வாட் கோர் ஐ5-12450எச்-இன் உள்ளமைந்த வரைகலையில் 48 அலகுகள். 15 வாட் 1235யு-வில் அதே வகை அலகுகள் 80. விளையாட்டுக்கு வாட் கூடியது தோற்கும் இடம் இது. தனி வரைகலைச் செயலிக்கும் வாட் எச்சரிக்கை உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட் முதல் 115 வாட் வரை மடிக்கணினித் தயாரிப்பாளர் விருப்பப்படி அமைக்கலாம். மெல்லிய உடலில் இருப்பதும் தடித்த உடலில் இருப்பதும் பெயரில் இரட்டையர். திறனில் அண்ணன் தம்பி.

கையில் அடங்கும் கணினிகள்

குறைந்த வாட் செயலிகளை ஒப்பிட இப்போது நல்ல சோதனைக்கூடமாக இருப்பவை கையடக்க விளையாட்டுக் கணினிகள். 2022இல் வந்த ஸ்டீம் டெக்கின் செயலி 4 முதல் 15 வாட் வரை ஓடுவது: 4 கருக்கள், 8 வரைகலை அலகுகள், பழைய ஸென் 2 கட்டமைப்பு. 2023இல் வந்த ஆசுஸ் ரோக் ஆலையில் ரைசன் இசட்1 எக்ஸ்ட்ரீம்: 8 கருக்கள், 12 அலகுகள், ஸென் 4, 30 வாட் வரை. தாளில் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் இரண்டிலும் மின்கலம் 40 வாட்-மணிதான்.

30 வாட் கொடுத்தால் ஆலை முந்துகிறது. வாட்டைக் குறைத்துக்கொண்டே பத்துக்கும் கீழே போனால் இடைவெளி சுருங்கி, ஸ்டீம் டெக்கின் கை ஓங்குகிறது. எட்டுக் கருக்களை விழித்திருக்க வைக்கவே ஒரு பங்கு வாட் போய்விடும். நான்கு கருக்களுக்குக் குறைவாகப் போகும். கூட்டுக் குடும்பத்தில் விருந்து இல்லாத நாளிலும் சாப்பாட்டுச் செலவு உண்டல்லவா?

மின்கலக் கணக்கு எளிது. திரை, விசிறி, நினைவகம் எல்லாம் சேர்த்துக் கணினி மொத்தம் 25 வாட் எடுத்தால், 40 வாட்-மணியை 25-ஆல் வகுங்கள். 1.6 மணி நேரம். 10 வாட் எடுத்தால் 4 மணி நேரம். பேருந்தில் ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் போகும்வரை விளையாட வேண்டும் என்றால் எந்த எண் வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

2024 செப்டம்பரில் இன்டெல் வெளியிட்ட கோர் அல்ட்ரா 7 258வி இந்த வழியில் துணிந்து இறங்கியது. கருக்களை எட்டாகக் குறைத்தது, நினைவகத்தைச் செயலியின் பொதியிலேயே சேர்த்துக்கொண்டது. அடிப்படைத் திறன் 17 வாட். தரவு பயணிக்கும் தூரம் குறைந்தால் அதற்குச் செலவாகும் சக்தியும் குறையும். இதற்குக் கொடுத்த விலை, 32 கிகாபைட் நினைவகத்தைப் பிறகு கூட்டவே முடியாது என்பது. என் கண்ணுக்கு இது ஏற்கத்தக்க பேரம்தான், தொடக்கத்திலேயே போதுமான நினைவகம் இருப்பதால். முன்னே பார்த்த 7520யு-வை 8 கிகாபைட்டோடு வாங்கி மாட்டிக்கொள்வது வேறு கதை.

நம் மாநிலத்திலேயே பாருங்கள். கூலாயிலும் செடெனாக்கிலும் எழும் தரவு மையங்களைப் பற்றிய செய்திகளில் எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று யாரும் எழுதுவதில்லை. எத்தனை மெகாவாட் என்றுதான் எழுதுகிறார்கள். மின்சாரமும் குளிரூட்டலும் எவ்வளவோ அவ்வளவுதான் கணிப்பு என்பது அவர்களுக்குத் தெரியும்.

கடையில் என்ன பார்ப்பது?

ஒட்டுத்தாளை விட்டுவிட்டு முழு மாதிரி எண்ணைக் கேளுங்கள். கடைக்காரர் அனுமதித்தால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறந்து, செயலியின் முழுப் பெயரையும் நினைவகப் பக்கத்தில் எத்தனை இடங்கள் நிரம்பியிருக்கின்றன என்பதையும் பாருங்கள். பிறகு சார்ஜரைக் கையில் எடுத்துப் பின்பக்கத்தைப் படியுங்கள். இது எனக்குப் பிடித்த சோதனை, ஏனென்றால் சார்ஜர் விளம்பரம் செய்யாது. 45 வாட் அல்லது 65 வாட் என்று இருந்தால், உள்ளே இருப்பது எந்தப் பெயர் தாங்கினாலும் அந்த வரம்புக்குள்தான் நெடுநேரம் ஓடும். தனி வரைகலைச் செயலியோடு வரும் கணினிகளில் 180, 230 என்று பார்க்கலாம். எடையும் கூடவே வரும், பையில் சார்ஜரையும் சேர்த்துத்தானே தூக்க வேண்டும். மின்கலத்தின் வாட்-மணி எண்ணைத் தயாரிப்பாளரின் விவரத் தாளில் காணலாம்.

பழைய கணினிச் சந்தையை ஒதுக்கிவிட வேண்டாம். 7840யு போட்ட இரண்டாம் கை மடிக்கணினி ஒன்று, புதிய 7520யு-வைவிட விளையாட்டில் வெகு தூரம் முன்னே இருக்கும். மின்கலம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே மடிக்கணினி வீட்டில் இருந்தால் ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். விண்டோஸின் மின்திறன் அமைப்பில், செயலியின் உச்ச நிலை 100 விழுக்காடு என்று இருக்கும். பல கணினிகளில் அதை 99 ஆக்கினாலே செயலி உச்ச வேகத்துக்குப் பாய்வது நின்றுவிடும். வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை நிறுவிக்கொண்டு, ஒரே விளையாட்டின் ஒரே கட்டத்தை முதலில் 100-இலும், கணினி நன்றாக ஆறிய பிறகு 99-இலும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையையும் விநாடிக்கு எத்தனை படச்சட்டம் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அறையின் வெப்பநிலையையும் மறக்காமல் எழுதுங்கள். நேரத்தைக் கிடைமட்ட அச்சில் வைத்து இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத் தாளில் வரையுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் மேலே இருக்கும் கோடு, இருபதாவது நிமிடத்தில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.